கட்டினவனுக்கு என்ன தள்ளுபடி?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ‘கிருபை’ என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர், “இந்த முறை அதையே எழுதிவிடுங்கள்” என்றார். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போதகரா, இறையியல் படித்தவரா? எந்தத் தகுதியில் இதற்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

இரண்டும் இல்லை. கடலூருக்கு மேற்கே ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். பிறந்தது லுத்தரன் குடும்பத்தில், அதாவது புராட்டஸ்டண்ட் பக்கம். டேனிஷ் மிஷனரிகள் வளர்த்த ஆற்காடு லுத்தரன் சபைக்குத் தலைமையிடமே நம் கடலூர்தான். பெண் எடுத்தது புதுச்சேரி நெல்லித்தோப்பில், கத்தோலிக்க வீட்டில். அதனால் வீட்டில் இரண்டு பைபிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோவில். கடன் கொடுத்தேன், கொடுத்ததை வசூலித்தேன், வசூலிக்க வேண்டியதைத் தள்ளுபடி என்று சிவப்பு மையில் எழுதினேன். காட்டுவதற்கு என்னிடம் இருக்கும் சான்றிதழ் இதுதான். இதற்கும் கிருபைக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொஞ்சம் கீழே வாருங்கள்.

ஷேர் ஆட்டோ முதுகில் ‘தேவ கிருபை’ என்று எழுதியிருக்கிறது. ‘கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்’ என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. நாங்கள் ‘கடவுள் புண்ணியத்தில்’ என்கிறோம். எல்லாம் ஒன்றுதானே?
— ஓர் ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

அவசரத்துக்கு ஒன்றுதான். நின்று பார்த்தால் ஒன்றில்லை.

புண்ணியம் என்பது சேர்த்து வைப்பது. நாம் சேர்த்தோமோ நம் அப்பா அம்மா சேர்த்தார்களோ, எங்கேயோ ஒரு வரவு இருக்கிறது, அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறோம். அதிர்ஷ்டம் என்றால் கொடுத்தவர் என்று ஒருவர் இல்லை, விழுந்தது, அவ்வளவுதான். கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்லும்போது கொடுக்கிறவர் ஒருவர் உண்டு. ஆனால் வரவுக் கணக்கு கிடையாது. தகுதியைப் பார்த்து வருவதில்லை, கேட்பதற்கு முன்பே வருவது. பைபிளில் எபேசியருக்கு எழுதின கடிதத்தில் அப்போஸ்தலர் பவுல் இதை ஒரே மூச்சில் சொல்கிறார்: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.”

ஈவு என்றால் கொடை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கிருபைக்குச் சொல் ‘காரிஸ்’. எபிரேயத்தில் இரண்டு சொல் உண்டு. ‘ஹேன்’ என்பது ஒருவர் கண்ணில் தயவு கிடைப்பது. “நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது” என்று வருகிறதே, அது. ‘ஹெசெத்’ என்பது வேறு ஜாதி. என்ன ஆனாலும் கைவிடாத பாசம். 136-ம் சங்கீதத்தில் 26 வசனம், 26 வசனத்திலும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று முடியும். அங்கே இருப்பது இந்த ஹெசெத். பழைய தமிழ் வேதாகமம் இரண்டுக்கும் கிருபை என்றே போட்டுவிட்டது. கத்தோலிக்கர் இப்போது கிருபை என்பதில்லை, அருள் என்கிறார்கள்.

அருள் என்றதும் உங்களுக்குச் சிவபுராணத்தில் “அவனருளாலே அவன்தாள் வணங்கி” வந்திருக்கும். வணங்குவதற்கும் அவன் அருள் வேண்டும் என்கிறார் அல்லவா மாணிக்கவாசகர்? கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீனார் என்ற ஆயர் நின்றார். கடவுளைத் தேடும் ஆசையே கடவுள் போட்ட ஆசை என்றார். பெலாஜியுஸ் என்ற துறவி அதை ஒப்பவில்லை. மனுஷனுக்குச் சித்தம் இருக்கிறது, நினைத்தால் நல்லவனாக வாழலாம் என்பது அவர் கட்சி. 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளினார்கள். ஆனாலும் சொல்கிறேன், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற எங்களில் பாதிப் பேர் மனசுக்குள் பெலாஜியுஸ் கட்சிதான்.

கடைசி நிமிஷத்தில் மனம் திரும்பினவனுக்கும் அதே மோட்சம் என்கிறார் என் கிறிஸ்தவ நண்பர். அப்படியானால் ஆயுசு முழுக்க ஒழுங்காக வாழ்ந்தவன் ஏமாளியா?
— ஒரு விவசாயி, குறிஞ்சிப்பாடி

ஐயா, இதே கேள்வியை என் மேசைக்கு எதிரே நின்று ஒருவர் கேட்டார். 2006, மே மாதம். புதிய அரசு பதவியேற்ற கையோடு கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தது. மறுநாள் சங்க வாசலில் திருவிழாக் கூட்டம். ஒருவர் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து, இடம் பார்க்காமல், திறந்திருந்த லெட்ஜர் மேலேயே வைத்துவிட்டார். பாகு இறங்கி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தப் பக்கம் சரியாகப் பிரியவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். இரண்டு ஏக்கர் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறவர். மார்ச் கடைசி வாரத்தில் கடனைக் கட்டி முடித்தவர். எப்படிக் கட்டினார் என்று எனக்குத் தெரியும், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டவனே நான்தான். மார்ச் முடியப்போகிறது, தவணை தவறினால் அபராத வட்டி ஏறும், அடுத்த பருவத்துக்குக் கடன் கிடைக்காது என்று நயமாகவும் பயமாகவும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் கறவை மாட்டை விற்ற காசோடு வந்தார். அசலும் வட்டியுமாகப் பதினோராயிரத்துச் சொச்சம். எண்ணி வைத்துவிட்டு, ரசீதை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இப்போது அதே ரசீதை அதே மடிப்போடு எடுத்து என் முன்னால் விரித்தார்.

“ஏன் சார், கட்டாதவனுக்குத் தள்ளுபடி. கட்டினவனுக்கு என்ன தள்ளுபடி?”

“உங்களுக்குத்தான் பாக்கியே இல்லையே பெரியவரே” என்றேன். 31 வருஷத்தில் அதைவிட மடத்தனமாக நான் எதுவும் பேசினதில்லை.

உள்ளதைச் சொன்னால், அவரைவிட எனக்குத்தான் எரிச்சல். வெயிலில் சைக்கிள் மிதித்து வசூல் செய்தவன் நான். அந்த வருஷம் வசூல் நன்றாக வந்திருந்தது என்ற பெருமை வேறு. ஒரே உத்தரவில் கட்டினவனும் கட்டாதவனும் ஒன்று. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் புலம்பினேன். “யாருக்கோ நல்லது நடந்தா உங்களுக்கு ஏன் சோறு இறங்கல?” என்று கேட்டாள் மனைவி.

அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மத்தேயு 20-ம் அதிகாரம் படிக்கும்போது உறைத்தது. இயேசு சொன்ன கதை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆள் வைக்கிறார். அப்புறம் ஒன்பது மணிக்குச் சிலரை, பன்னிரண்டுக்குச் சிலரை, மூன்று மணிக்குச் சிலரை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். கூலி கொடுக்கும்போது ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம், பகல் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு பணம்.

இரண்டு விஷயம் பாருங்கள். சித்தாளும் கொத்தனாரும் காலையில் வந்து நிற்கிற முக்கு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. எட்டு மணிக்குள் வாட்டசாட்டமான ஆள் எல்லாம் போய்விடும். பத்து மணிக்கு மேலும் டிபன் பாக்ஸோடு நிற்பது யார்? வயசானவர், இருமுகிறவர், கால் சரியில்லாதவர். சாயங்காலம் ஐந்து மணி வரை நின்றார்கள் என்றால் அவர்கள் சோம்பேறிகள் இல்லை. யாருக்கும் வேண்டாதவர்கள்.

இன்னொன்று, தோட்டக்காரர் கடைசியில் வந்தவனுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார். காலையில் வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒரு சண்டையும் இல்லை, பேசின கூலி வந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். வேண்டுமென்றே அவனை நிற்க வைத்துப் பார்க்க விடுகிறார். பார்த்தான், முறுமுறுத்தான். அதற்கு அவர் சொல்கிற பதில்: “நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?” வன்கண்ணன்! அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர் எங்கே தேடிப் பிடித்தாரோ. சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனுக்குச் சரியான பெயர்.

சரி, பெரியவருடைய கேள்விக்கு வருவோம். அவர் கோபம் நியாயமானது. அரசாங்கத் தள்ளுபடிக்குக் கெடு தேதி உண்டு, பட்டியல் உண்டு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு மாடு போச்சு. கிருபையைத் தள்ளுபடிக்கு ஒப்பிட்டால் இங்கே உதைக்கும். கிறிஸ்தவ நம்பிக்கையில் கடனைக் கட்டி முடித்தவர் என்று அந்த லெட்ஜரில் ஒருவர் பெயரும் இல்லை. “எல்லாரும் பாவஞ்செய்து” என்று ரோமருக்கு எழுதுகிறார் பவுல், எல்லாரும். நான் ஒழுங்காகக் கட்டிவிட்டேன் என்று ரசீது நீட்டுகிறவனுக்கும் பாக்கி நிற்கிறது. அதனால் ஏமாளி என்று ஒருவன் இல்லை. ஒழுங்காக வாழ்ந்தவர் தோட்டத்துக்குக் காலையிலேயே வந்தவர், அவ்வளவுதான். நாள் முழுக்க வேலை இருந்தது என்பதே அவருக்குப் பெரிய விஷயம். முக்கில் நின்று பார்த்தவனைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்றும் சங்கத்து ஆள் என்ற முறையில் சொல்ல வேண்டும். தள்ளுபடி என்றால் கடன் மாயமாகிவிடாது. விவசாயி கட்ட வேண்டியதை அரசாங்கம் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சங்கம் மூழ்கிவிடும். யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதுதான், பெறுகிறவனுக்கு இலவசம், கொடுத்தவருக்கு இலவசமில்லை என்று. நம் அரசாங்கம் இலவசம் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘விலையில்லா மிதிவண்டி’, ‘விலையில்லா அரிசி’ என்று போட ஆரம்பித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. காசு வாங்காததும் விலையில்லாததுதான், விலை மதிக்க முடியாததும் விலையில்லாததுதான்.

பெரியவர் அடுத்த பருவத்துக்குக் கடன் கேட்டு வந்தார். கொடுத்தேன். மாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எப்படியும் மன்னிப்பு உண்டு என்றால் தப்பு செய்துகொண்டே இருக்கலாமே?
— ஒரு கல்லூரி மாணவர், கடலூர்

தம்பி, உன்னைவிட முந்திக்கொண்டு ரோமாபுரிக்காரர்களுக்காகப் பவுலே இதைக் கேட்டுவிட்டார்: “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?” அடுத்த வார்த்தை, “கூடாதே.” தள்ளுபடி வரும் என்று வேண்டுமென்றே கட்டாமல் இருந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எழுத இந்த இதழில் இடமில்லை.

2004 சுனாமியில் நாங்கள் ஐந்து பேரும் தப்பினோம். ‘கர்த்தருடைய கிருபை’ என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அடுத்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கிருபை இல்லையா? இருபது வருஷமாகக் கேட்கிறேன்.
— ஒரு தாய், தேவனாம்பட்டினம்

அம்மா, உங்கள் கடிதத்தை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அதற்கடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எங்கள் சபையில் ஒருவர் எழுந்தார். அன்று காலை பீச்சுக்குப் போவதாக இருந்தோம், கடைசி நேரத்தில் பையனுக்கு ஜுரம், அதனால் பிழைத்தோம், தேவன் எங்கள்மேல் கிருபையாயிருந்தார் என்றார். நல்ல மனிதர், கண்ணீரோடுதான் சொன்னார். மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் தங்கை மகள் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து நான் அந்த மாதிரிச் சாட்சி சொல்வதை விட்டுவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. இயேசுவிடம் இதற்குப் பக்கத்தில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார் (லூக்கா 13). கோபுரம் ஏன் விழுந்தது என்று காரணம் சொல்லவில்லை. ஆனால் செத்தவர்களுக்குக் கிருபை இல்லை என்ற கணக்கை அந்த இடத்திலேயே அடித்துவிட்டார்.

பவுலுக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது. என்ன வியாதி என்று எழுதவில்லை. எடுத்துவிடும் என்று மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை. வந்த பதில், “என் கிருபை உனக்குப் போதும்.” ஆட்டோவில், காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் போடுகிற வசனம் அது, கேட்டது கிடைக்காதவனுக்குச் சொன்னது என்பதை யாரும் நினைப்பதில்லை. ஆக, தப்பித்தல்தான் கிருபை என்று பைபிளே சொல்லவில்லை. நீங்கள் ஐந்து பேரும் பிழைத்ததற்கு நன்றி சொல்லுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். இருபது வருஷமாக அவர்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதை வேண்டுமானால் அவர்களிடம் சொல்லலாம்.

கத்தோலிக்கருக்கு நற்செயல், மற்ற சபையாருக்கு விசுவாசம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் உண்டு, ஈஸ்டர் வந்தால் வாக்குவாதம் நிச்சயம்.
— ஒரு வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

எங்கள் வீட்டிலும் பத்து வருஷம் ஓடியது. அப்புறம் அலுத்துவிட்டது.

1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் என்ற துறவி (எங்கள் சபைக்குப் பெயர் கொடுத்தவர்) கிளப்பினதன் உயிர்நாடி இதுதான்: மனுஷன் நீதிமானாவது கிருபையால், விசுவாசத்தால், சம்பாதிக்க முடியாது. அதற்குப் பதில் சொல்லி, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-ல் வெளியிட்ட தீர்மானத்தை எங்கள் ஆட்கள் படித்ததே இல்லை. கடவுளின் அருள் இல்லாமல் தன் செயலாலேயே ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவன் சபைக்குப் புறம்பானவன் என்றுதான் அதன் முதல் விதியே இருக்கிறது. அப்படியானால் சண்டை எதில்? லுத்தரன் காதுக்குக் கிருபை என்றால் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிற தயவு. கத்தோலிக்கர் அதோடு நிற்பதில்லை. அந்த அருள் உள்ளே இறங்கி ஆளையே மாற்றுகிறது, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் வழியாக வருகிறது, மனுஷன் அதோடு ஒத்துழைக்க வேண்டும் என்கிறார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அதே அருள் நற்செயலுக்கு நம்மை அனுப்புகிறது என்பது சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் வீட்டுக்கு இன்னும் செய்தி வரவில்லை போலிருக்கிறது.

நமக்கு இது புதுச் சண்டையும் இல்லை. குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும். பெருமாள் அருள் எந்த மாதிரி என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் எத்தனை நூற்றாண்டு வாதாடினார்கள்! வடகலையாருக்குப் பெரிய ஆசாரியரான வேதாந்த தேசிகர் நெடுங்காலம் இருந்தது நம் திருவந்திபுரத்தில்தான். கத்தோலிக்கர் குரங்கு, லுத்தரன் பூனை என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அடுத்த ஈஸ்டருக்கு இரு தரப்பும் மிஷன் வீதியில் சம்பா கோவிலுக்குப் போய்விட்டு வாருங்கள். புனித பவுல் பெயரில் அங்கே இருந்த பழைய கோவிலைச் சொன்ன பெயர் மருவித்தான் சம்பா ஆனது என்பார்கள். தன் கடிதம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கிருபையும் சமாதானமும் உண்டாவதாக என்று எழுதினவர் அவர். சமாதானமும்.

என் பாட்டி ஜெபமாலை சொல்லும்போது ‘அருள் நிறைந்த மரியே’ என்று சொல்ல மாட்டார். ‘பிரியதத்தம்’ என்று ஏதோ வரும். அதற்கு என்ன அர்த்தம்?
— ஒரு வாசகி, அரியாங்குப்பம்

“பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க.” பழைய கத்தோலிக்க ஜெபம். கபிரியேல் தூதர் மரியாளைக் கண்டு சொன்ன வாழ்த்து இது. எங்கள் பைபிளில் “கிருபை பெற்றவளே, வாழ்க” என்று இருக்கும். கிரேக்கத்தில் அது காரிஸ் என்ற வேரிலிருந்து வந்த சொல்தான்.

பிரியம் தெரியும். தத்தம் என்றால் கொடுத்தது. அந்தக் காலத்தில் நீர் வார்த்துத் தத்தம் செய்வார்கள். தத்துப்பிள்ளையில் இருக்கும் தத்தும் அதுதான். பிரியத்தோடு கொடுத்தது, பிரியத்தினாலேயே கொடுத்தது. கிருபை, அருள் எல்லாவற்றையும்விட எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும்; வழக்கொழிந்தது பாவம். கிருபையைச் சொல்லும்போது பவுலும் புத்திரசுவிகாரம் என்கிறார், தத்து எடுப்பதைத்தான்.

இந்தச் சொல் எனக்குத் தெரிந்தது மாமியாரால். கடைசி இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார்கள். ஞாபகம் எல்லாம் போய்விட்டது. பெற்ற மகளையே “யாரும்மா நீ, எந்த ஊரு?” என்பார்கள். சாப்பிட்டதும் நினைவிருக்காது. இரவு எட்டு மணிக்கு இவள் இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிவிட்டு, ஈரத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே “பிரியதத்தத்தினாலே…” என்று ஆரம்பிப்பாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எழுத்து பிசகாமல், “பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே” என்று பிடித்துக்கொண்டு மரண நேரம் வரைக்கும் போய், ஆமென் சொல்வார்கள். அப்புறம் கண்ணைத் திறந்து, துணியைக் கையில் வைத்திருக்கும் மகளைப் பார்த்து, “யாரு பெத்த பொண்ணோ, நல்லா இரும்மா” என்பார்கள்.